அக்டோபரில் ஒருநாள் கோச் டூர்: எடின்பரோவிலிருந்து லாக் நெஸ் போய்த் திரும்ப முழு வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து ஸ்காட்லாந்தைச் சுற்றிக்காட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த டூரில்தான். காலை எட்டு மணிக்கு எடின்பரோவில் கோச் என்கிற டூர் பஸ்ஸில் ஏறினால் கிளென்கோ பள்ளத்தாக்கு, லாக் நெஸ் ஏரிக்கரையில் இருக்கிற ஃபோர்ட் அகஸ்டஸ், பிட்லாக்ரி என்று ஒரு சுற்றுச் சுற்றி இரவு எட்டு மணி வாக்கில் ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். சுமார் 500 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பி மதுரையையும் தாண்டிப் போகிற தூரம், அதை ஒரே பகலில், அதுவும் பாதி வழி ஏரிக்கரையை ஒட்டின வளைவுச் சாலையில்.

போவதற்கு முன்பே ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் கால் தரையில் படும் நேரம் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் தேறினால் பெரிசு. மீதி முழுக்க ஜன்னல்தான். "இறங்கி நாலு இடம் பார்த்தோமா" என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிற பயணம் என்று நினைத்துத் தயாரானால் காசுக்கு மேலேயே கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஜன்னலை மனதில் வைத்துத்தான்.

எந்த வாரம், எந்த வண்டி

செப்டம்பரில் மலைச்சரிவெல்லாம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். படத்தில் பார்க்கிற அந்தச் செம்பொன் நிறம் வேண்டுமென்றால் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு மேல் போங்கள். முதலில் பிராக்கன் என்கிற பெரணி, மலை முழுக்கத் துருப்பிடித்த இரும்பு மாதிரி நிறம் மாறும். அப்புறம் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். லார்ச் கடைசி. ஊசியிலை மரமாக இருந்துகொண்டே இலை உதிர்க்கிற அதிசயப் பிறவி அது, உதிர்ப்பதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் தங்க முலாம் பூசின மாதிரி நிற்கும்.

ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தின வாரம் போனால் மாலை ஐந்தரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அடுத்த வாரம் போனால் நாலரை தாண்டினதும் இருட்டு, திரும்பும் வழியில் கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். டிக்கெட் விலை ஒன்றுதான், பார்க்கக் கிடைப்பதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நஷ்டம். அக்டோபரில் இன்னொரு லாபம், கோடைக்காலத்தில் ஹைலண்ட்ஸ் என்னும் இந்த மலைப்பகுதியில் ஆளைத் தின்கிற மிட்ஜ் என்னும் பொடிக்கொசு அநேகமாக அடங்கியிருக்கும்.

வண்டி இரண்டு தினுசு. பதினாறு பேர் போகிற மினி கோச்சில் ஓட்டுகிறவரே காதில் மைக் மாட்டிக்கொண்டு கதையும் சொல்வார், சின்னச் சின்ன இடங்களிலும் நிறுத்த முடியும். ஐம்பது பேர் போகிற பெரிய கோச்சில் உயரம் அதிகம், சாலையோர வேலிக்கு மேலே பார்வை போகும், பெரும்பாலும் உள்ளேயே கழிப்பறை இருக்கும். சர்க்கரை நோய் இருக்கிறவர்களோடு, அடிக்கடி பாத்ரூம் தேடுகிறவர்களோடு போவதென்றால் யோசிக்காமல் பெரிய வண்டி. இளவட்டங்கள் மட்டும் என்றால் மினி கோச்தான் நல்லது. கைக்குழந்தை இருந்தால் பதிவு செய்வதற்கு முன் வயது வரம்பைப் பாருங்கள், பல நிறுவனங்கள் சின்னக் குழந்தைகளை ஏற்றுவதில்லை. லாக் நெஸ் படகுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம், அது டிக்கெட்டில் சேர்ந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

முந்தின ராத்திரி

குடையை வீட்டிலேயே வையுங்கள். கிளென்கோ காற்றில் அது ஐந்து நிமிஷம் தாங்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு, உள்ளே ஸ்வெட்டர், அதற்கும் உள்ளே ஒரு தெர்மல். ஒரே தடிமனான ஜெர்கினைவிட இப்படி அடுக்கடுக்காகப் போடுவதுதான் சரி, ஏனென்றால் வண்டிக்குள் ஹீட்டர் வேர்க்கவைக்கும், இறங்கினால் வெடவெடக்கும், இது நாள் முழுக்க ஏழெட்டுத் தடவை நடக்கும். நான் என் அப்பா அம்மாவோடு போனபோது அம்மா சேலைதான் கட்டுவேன் என்றார், கட்டட்டும் என்று விட்டேன். உள்ளே தெர்மல், காலில் சாக்ஸும் ஷூவும், தலைக்கு ஊட்டியில் வாங்கின குரங்குக் குல்லா. சேலைக்கரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், நிறுத்துகிற இடமெல்லாம் ஈரமண்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வழியில் சைவம் கிடைக்காமல் இல்லை, சூப்பும் ரொட்டியும், சீஸோ பீன்ஸோ போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கும், எங்கேயும் சிப்ஸும் கிடைக்கும். ஆனால் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரே கடைக்குள் நுழைவார்கள், வரிசையில் நிற்பதிலேயே உங்கள் நிறுத்த நேரம் கரைந்துவிடும். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் ஆறினாலும் நன்றாக இருக்கும், ஸ்பூனால் சாப்பிடலாம். சப்பாத்தி ரோல் இன்னும் சுலபம். ஒரே ஒரு வேண்டுகோள், வண்டிக்குள் டப்பாவைத் திறக்காதீர்கள். அடைத்த வண்டியில் பெருங்காயத்தின் வாசம் நமக்குப் பசியைக் கிளப்பும், பின்சீட்டில் ஏற்கெனவே வளைவுகளால் தலைசுற்றிக்கொண்டிருக்கிறவருக்கு வேறு எதையாவது கிளப்பும். பல வண்டிகளில் சூடான சாப்பாட்டுக்கும் மூடியில்லாத காபிக்கும் தடையே உண்டு.

பஸ்ஸில் குமட்டல் வருகிறவர்கள் அதற்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்தபிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. தூக்கம் வரவைக்காத வகையா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கிளென்கோவில் குறட்டைதான்.

காலையில்: சீட்டுப் பிடிப்பது

எட்டு மணி வண்டிக்கு ஏழு நாற்பதுக்கு அங்கே நில்லுங்கள். சீக்கிரம் போவது ஒழுக்கத்துக்காக இல்லை, சீட்டுக்காக. எண் போட்ட சீட் இல்லாத வண்டியில் முதலில் வந்தவருக்குத்தான் நல்ல இடம்.

இடது பக்கம் பிடியுங்கள். கிளென்கோ வழியாகப் போய் பிட்லாக்ரி வழியாகத் திரும்புகிற சுற்றில் பெரிய காட்சிகள் பெரும்பாலும் இடது ஜன்னலில்தான். காலண்டர் என்று ஒரு ஊர், நாள்காட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதைத் தாண்டினதும் வருகிற லாக் லப்னைக் ஏரி இடது பக்கம். கிளென்கோவின் மூன்று சகோதரிகள் என்கிற மூன்று மலைமுகடுகள் இடது பக்கம். ஃபோர்ட் வில்லியமுக்கு முன் கூடவே வருகிற லாக் லின்னி என்னும் கடல்நீர் ஏரியும் இடது பக்கம். இரவு திரும்பும்போது ஃபோர்த் ரயில் பாலமும் இடது பக்கம். வலது பக்கக்காரர்களுக்கு ஆறுதலாகத் திரும்பும் வழியில் லாக் லாகன் உண்டு, அவ்வளவுதான். எதிர்த்திசையில் சுற்றுகிற டூர் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ், ஏறும்போது வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டும் கடைசி வரிசையும் வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். உட்கார்ந்ததும் பெல்ட் போடுங்கள், கோச்சில் பெல்ட் இருந்தால் போடவேண்டும் என்பது இங்கே சட்டம். அப்பா "பஸ்ல எதுக்குடா பெல்ட்டு" என்றார். டிரைவர் ஒருமுறை எழுந்துவந்து எல்லோருடைய இடுப்பையும் பார்த்துவிட்டுப் போனபிறகு சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டார்.

டைண்ட்ரம் வரைக்கும்

முதல் ஒரு மணி நேரம் மோட்டார்வே, தூங்கலாம். ஆனால் ஃபால்கர்க் அருகே மட்டும் கண்ணைத் திறந்து வையுங்கள். சிற்பி ஆண்டி ஸ்காட் எஃகில் செய்த கெல்பிகள் என்னும் இரண்டு குதிரைத் தலைகள், ஒவ்வொன்றும் 30 மீட்டர் உயரம், சாலையோரத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும். எங்கள் வண்டியில் வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது, பாதிப் பேருக்குக் கேமராவில் கிடைத்தது மின்கம்பம்தான்.

இந்த டூர்களில் நேரத்தை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்று நிறையப் பேர் சலித்துக்கொள்வார்கள். காரணம் சட்டம். கோச் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் கட்டாயம் 45 நிமிஷம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஓட்டக்கூடிய நேரத்துக்கும் வரம்பு உண்டு, எல்லாம் வண்டியிலேயே பதிவாகும். ஆகையால் நீங்கள் எங்கேயாவது பதினைந்து நிமிஷம் தாமதித்தால் அந்தப் பதினைந்து நிமிஷத்தை டிரைவர் வேகமாக ஓட்டி ஈடுகட்ட மாட்டார், அடுத்த நிறுத்தத்திலிருந்துதான் வெட்டுவார்.

டைண்ட்ரம் என்கிற சின்ன ஊரில், அல்லது அதற்கு முன்னால், முதல் நிறுத்தம் வரும். இருபது இருபத்தைந்து நிமிஷம். இங்கே செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, நேராகக் கழிப்பறைக்குப் போங்கள், கடைக்கு அப்புறம். வண்டிக்குள் கழிப்பறை இருந்தாலும் "அவசரத்துக்கு மட்டும்" என்பார்கள், அந்த வளைவில் உள்ளே நிற்பதும் ஒரு வித்தைதான்.

கிளென்கோ

டைண்ட்ரம் தாண்டி ரானக் மூர் என்கிற சதுப்புவெளி. மரமில்லை, வீடில்லை, கறுத்த குட்டைகளும் பழுப்புப் புல்லும் கண்ணெட்டும் தூரம் வரை. அம்மா அதுவரைக்கும் பேசிக்கொண்டே வந்தவர், இங்கே நிறுத்திவிட்டார். அதன் ஓரத்தில் கிங்ஸ்ஹவுஸ் ஹோட்டல் பக்கம் செம்மான்கள் சாலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அக்டோபர் அவற்றின் இணை சேரும் பருவம், கொம்பன்கள் கத்துகிற சத்தம் நம் ஊர் எருமை கமறுகிற மாதிரி இருக்கும். பிஸ்கட் நீட்டாதீர்கள், கிட்டே போகவும் வேண்டாம், அந்தப் பருவத்தில் அது சாது இல்லை.

பிறகு இரண்டு பக்கமும் மலை நெருங்கிவரும். கதையை வழிகாட்டி சொல்வார், ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பார்க்கிற பார்வையே வேறு. 1692 பிப்ரவரி 13 விடியலில், கிளென்கோ மெக்டொனால்ட் குலத்தில் 38 பேரை அரசுப் படைவீரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். தப்பி ஓடினவர்களில் பலர் பனியில் விறைத்துச் செத்தார்கள். மன்னர் வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அந்தக் குலத்தலைவர் சில நாள் தாமதித்துப் போனார், சாக்கு அதுதான். கொலையைவிட மறக்கமுடியாதது ஒன்று, அந்த வீரர்கள் முந்தின பன்னிரண்டு நாளாக அதே வீடுகளில் விருந்தாளியாகத் தங்கி, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். வழிகாட்டி இதை ஆங்கிலத்தில் ஐந்து நிமிஷம் விளக்கினார். நான் அம்மாவிடம் "உண்ட வீட்டுக்கு ரெண்டகம்மா" என்றேன். "அடப்பாவிகளா" என்று வெளியே அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று சகோதரிகளுக்கு எதிரே வண்டி நிற்கும், பத்துப் பதினைந்து நிமிஷம். எல்லோரும் இறங்கின இடத்திலேயே முண்டியடித்துப் படம் எடுப்பார்கள். நீங்கள் முதல் ஐந்து நிமிஷம் ஃபோனை எடுக்காமல், பாதையில் கொஞ்ச தூரம் கீழே இறங்கி நில்லுங்கள். மேகம் முகட்டை மூடியிருந்தாலும் கவலைப்படாதீர்கள், பத்து நிமிஷத்தில் இரண்டு தடவை திறந்து மூடும், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

இதற்கப்புறம் ஃபோர்ட் வில்லியம், பிரிட்டனிலேயே உயரமான மலை பென் நெவிஸ். 1,345 மீட்டர். பெரும்பாலான நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். "நம்ம தொட்டபெட்டாவில பாதிதானே" என்றார் அப்பா, கணக்குச் சரிதான். ஆனால் இங்கே அந்த உயரத்துக்கே உச்சியில் மரம் கிடையாது, வெறும் கல்லும் பனியும்.

ஃபோர்ட் அகஸ்டஸ், நாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட இடம்

இதுதான் நாளின் பெரிய நிறுத்தம், ஒன்றரை மணி நேரம் வாக்கில் கிடைக்கும். படகில் போவதென்றால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும், மீதியில் அவசரமாக நாலு கவளம். போகலாமா வேண்டாமா? என் கருத்து, வானம் தெளிவாக இருந்தால் போங்கள், மழை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். லாக் நெஸ் சுமார் 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம், இங்கிலாந்து வேல்ஸ் இரண்டிலும் இருக்கிற எல்லா ஏரித் தண்ணீரையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. இந்த ஏரிக்குள் ஒரு பூதம் இருக்கிறது என்கிற பேச்சு பெரிசாகக் கிளம்பியது 1933இல். அடுத்த ஆண்டு வந்த புகழ்பெற்ற நீள்கழுத்துப் படம் பொம்மை வைத்து எடுத்தது என்று பின்னால் வெளிவந்தது. கரையில் கைவிட்டுத் தண்ணீரை அள்ளிப் பாருங்கள், சுற்றியுள்ள கரிமண் ஊறி டிகாஷன் நிறத்தில் இருக்கும். எந்தப் பூதமும் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

படகில் போகாதவர்களுக்குக் கால்வாய் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. தாமஸ் டெல்ஃபோர்டு கட்டின கலிடோனியக் கால்வாய், 1822இல் திறந்தது, மொத்தம் 29 மதகுத் தொட்டிகள். அதில் ஐந்து இந்த ஊர் நடுவில் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இருக்கும். கீழேயிருந்து ஒரு படகு மேலே ஏற ஒரு மணி நேரம் வாக்கில் ஆகும். புல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

அப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் வாய்க்கால் மதகுகளோடு மல்லுக்கட்டினவர். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தவர், மதகுக் கதவு பக்கம் போய் நின்றதுதான், அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பாய்மரப் படகு உள்ளே வந்தது. கதவு மூடி, தண்ணீர் கொப்பளித்து ஏறி, இரண்டு பக்கமும் மட்டம் சமமாகிற அந்தக் கடைசி விரல்கடை அளவு நிரம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டிருந்தார். "சமமாகாம கதவு நகராது பாரு, எவன் தள்ளினாலும் நகராது" என்றார். நான் கூப்பிடக் கூப்பிட "இருடா, திறக்கட்டும்" என்றார். திறந்தது. கிளம்பி ஓடினால், இன்னொரு படகு கடக்க வசதியாகச் சாலைப் பாலத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். ஊரின் நெடுஞ்சாலையே அந்தத் திருகுபாலம் வழியாகத்தான் போகிறது, படகு வந்தால் கார், லாரி, மனிதர் எல்லோரும் நிற்கவேண்டியதுதான். வண்டியோ அக்கரையில்.

ஒன்பது நிமிஷம் தாமதம். ஏறினபோது நாற்பத்துச் சொச்சம் பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள், எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதனால் சொல்கிறேன்: இறங்கினதும் வண்டி எந்தக் கரையில் நிற்கிறது என்று பாருங்கள், நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நிறத்தில் நாலைந்து கோச் நிற்கும். வழிகாட்டி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஃபோனில் அலாரம் வையுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் போவதென்றால் இன்னும் ஐந்து நிமிஷம் சேருங்கள்.

கூட வருகிறவர்கள்

பன்னிரண்டு மணி நேரம் ஒரே டப்பாவுக்குள் இருக்கப்போகிறீர்கள். ஸ்பீக்கரில் வீடியோ பார்க்காதீர்கள், ஊருக்கு வீடியோ கால் போட்டு "இதோ பாரு மலை" என்று நேரலை கொடுக்காதீர்கள், வழிகாட்டி பேசும்போது மொழிபெயர்ப்பதென்றால் காதோடு சொல்லுங்கள். சீட்டைச் சாய்ப்பதற்கு முன் பின்னால் இருக்கிறவரைப் பாருங்கள்.

தாமதமாக வந்த அவமானத்தை அம்மாதான் தீர்த்தார். அடுத்த நிறுத்தத்தில் கடலைமிட்டாய் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டுகளுக்கெல்லாம் நீட்டினார். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர், "இதில் கடலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். எங்களுக்கு முன்சீட்டில் இரண்டு அமெரிக்கப் பாட்டிமார். ஒருவர் வெல்லம் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்க, அம்மா கையாலேயே பாகுபதம் வரை விளக்கிவிட்டார்.

தனியாகப் போகிறவர்களுக்கும் இது நல்ல வழி. படம் எடுத்துக்கொடுக்க ஒருவரைக் கேளுங்கள், நீங்களும் அவருக்கு எடுத்துக்கொடுங்கள், பேச்சு தானாக வரும்.

திரும்பும் வழி

பிட்லாக்ரி வருவதற்குள் பாதி வண்டி தூங்கியிருக்கும். நீங்கள் தூங்காதீர்கள், பெர்த்ஷயர் காடுகளின் நிறம் இந்த ஒரு மணி நேரத்தில்தான். சாய்ந்த வெயில் கிடைத்தால் பீச் மரங்கள் உள்ளேயிருந்து விளக்கேற்றின மாதிரி இருக்கும், அதை ஓடும் வண்டியிலிருந்து படம் எடுக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், கண்ணாடியில் உள்விளக்குதான் விழும். பிட்லாக்ரியில் நேரம் கொடுத்தால் கடைத்தெருவில் சுற்றாமல் அணைப் பக்கம் நடக்க முடியுமா பாருங்கள். சால்மன் மீன் மேலேறிப் போவதற்காக 34 தொட்டிகளை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது நேரமில்லை, நேரமில்லாமல் போனதற்குக் காரணம் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

கடைசியில் குயின்ஸ்ஃபெரி பாலம். இருட்டியிருந்தாலும் இடது பக்கம் பாருங்கள், பக்கத்தில் 1964இல் திறந்த சாலைப் பாலம், அதற்கு அப்பால் 1890இல் கட்டின சிவப்பு ரயில் பாலம். நீங்கள் போய்க்கொண்டிருப்பது 2017இல் திறந்தது. மூன்று நூற்றாண்டு அடுத்தடுத்து நிற்கிறது.

இறங்கும்போது சீட்டுக்கு முன்னால் இருக்கிற வலைப்பையையும் மேலே இருக்கிற தட்டையும் கையால் தடவிப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் போதாது, கறுப்பு மஃப்ளர் கறுப்பு சீட்டில் தெரியாது. டிரைவருக்கும் வழிகாட்டிக்கும் டிப்ஸ் கட்டாயமில்லை, பிடித்திருந்தால் சில பவுண்டு கையில் கொடுத்து நன்றி சொல்லுங்கள். மிச்சமிருக்கிற ஸ்காட்லாந்து நோட்டுகளை, அதாவது ஸ்காட்டிஷ் வங்கிகள் அச்சடித்தவற்றை, இங்கேயே செலவழித்துவிடுங்கள், ஊரில் மாற்றப்போனால் முகத்தைச் சுளிப்பார்கள்.

நாங்கள் டிப்ஸை அப்பா கையில் கொடுத்தனுப்பினோம். அவர் டிரைவரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, அந்தத் திருகுபாலம் கரண்டில் ஓடுகிறதா, எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.